ஒரு நாள் பிந்திய நிலா

1

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்து அண்ணாந்து பார்த்தால் சும்மா கிடைக்கிற நிலவை நான் காசு கொடுத்து வாங்கினேன். எவ்வளவு கொடுத்தேன் என்று என் மனைவி ஜெஸீமாவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. இந்தக் குறிப்பை அவள் படிக்கக்கூடும் என்பதால் உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

வாங்கியது ஒரு கைக்கடிகாரம். சுவிட்சர்லாந்தில் செய்தது, தங்கக் கூடு, எனக்கு முன்னால் யாரோ ஒரு கனவான் கட்டிக் கழித்தது. மணியும் நிமிடமும் போக, கிழமை, மாதம், தேதி எல்லாம் அதற்குத் தெரியும். ஆறு என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு சாளரம். அதற்குப் பின்னால் பொட்டுப் பொட்டாக நட்சத்திரம் வைத்த நீல வானம் ஒன்று நாளுக்கு ஒரு பல் வீதம் நகரும். அந்த வானத்தில் ஒரு தங்க நிலா இடப்பக்கம் எட்டிப் பார்த்து, நடுவில் முழுசாகி, வலப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். சாளரத்தின் விளிம்பில் நிலாவின் வயது எண்களாகப் பொறித்திருக்கும், இருபத்தொன்பதரை வரை. அந்த அரை நாளில் நிலா எங்கே போகிறது என்று நான் கடைக்காரரைக் கேட்கவில்லை. அப்போதே சுதாரித்திருக்கலாம்.

என்னை அந்தக் கடைக்குத் தள்ளியவர் என் மகள் நிலுபாவின் தலைமையாசிரியை. லண்டனில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் அப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முஸ்லிம் பிள்ளை என்று இவள் ஒருத்திதான். நோன்புப் பெருநாளுக்கு லீவு கேட்டு எழுதினேன். எந்தத் தேதி என்று கேட்டுப் பதில் வந்தது. பிறை கண்டால் திங்கள், காணாவிட்டால் செவ்வாய் என்று உண்மையை எழுதினேன். அதற்குப் பதிலாக ஓர் அச்சடித்த தாள் வந்தது. அதில் காய்ச்சல், அம்மை, குடும்பத்தில் மரணம் என்று கட்டம் கட்டமாகக் காரணங்கள் இருந்தன. சந்திரனுக்கு ஒரு கட்டம் இல்லை. கடைசியில் என்னையே கூப்பிட்டு அனுப்பினார். "நிலா ஒரு முடிவுக்கு வந்ததும் எங்களுக்கும் தெரிவியுங்கள்" என்றார், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

வீடு திரும்பும் வழியில், எல்லாரையும் போல நமக்கும் ஒரு தேதி இருந்தால் என்ன என்று நிலுபா ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும். கோபத்தில் வராது.

கடிகாரத்தின் கூட்டில், பக்கவாட்டில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதில் குத்தினால் நிலா நகரும். கூட வந்த வழிகாட்டிப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. எனக்கென்ன, பிறை பார்க்கத் தெரியாதா? லண்டனில் யாரும் பிறையைக் கண்ணால் கண்டதில்லை. எங்கிருந்தோ ஒரு தந்தி வரும், பள்ளிவாசலில் அறிவிப்பார்கள். அப்படி மறு வருஷம் நோன்பின் தலைப்பிறை என்று அறிவித்த அன்று, மாதம் பிறந்துவிட்டது, ஆகவே நிலாவின் வயது பூஜ்யம் என்று ஜெஸீமாவின் தையல் ஊசியால் குத்தி வைத்தேன். அதை வைத்துப் பெருநாளைக் கணக்குப் பார்த்துத் தலைமையாசிரியைக்கு ஒரு தேதி எழுதினேன். பெருநாள் அதே தேதியில் வந்தது.

மனிதன் கெட்டுப்போவதற்கு ஒரு முறை சரியாக இருந்துவிட்டால் போதும்.

2

அந்தக் காலத்தில் நம் நாட்டின் வாரம் எப்படி நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அதற்குள் இருந்தவர்கள். வெளியிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. முழு நிலாவுக்கு லீவு, அமாவாசைக்கு லீவு, இடையில் வரும் இரண்டு அரை நிலாவுக்கும் லீவு. இந்த நிலா லீவுக்குப் பெயர் போயா. அதுவே வாரத்தின் முடிவு. போயாவுக்கு முந்தின நாள் அரை லீவு. நிலா ஏழு நாள் கணக்கை மதிப்பதில்லை என்பதால் ஒரு வாரம் மற்ற வாரத்தைவிட ஒரு நாள் நீண்டுவிடும். கந்தோரில் என் பக்கத்து மேசை வெள்ளைக்காரர் தினமும் தேநீர் நேரத்தில், "உங்கள் நாட்டில் இன்று வேலை நாளா?" என்று விசாரிப்பார். முதலில் கிண்டலாகத்தான் கேட்டார். நான் உண்மையாகவே யோசித்துவிட்டுப் பதில் சொல்வதைக் கண்டதும் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

எனக்கு ஓய்வு ஞாயிறில். யட்டவத்தையில் இருக்கும் வாப்பாவுக்குத் தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் அவர் மாத்தளை டவுனுக்கு வந்து தபால் கந்தோரில் காத்திருக்க வேண்டும். நான் ஓய்வாக இருக்கும் நாளில் அங்கே சனம் நெரிபடும். அங்கே ஓய்வான நாளில் கந்தோர் பூட்டியிருக்கும். எங்கள் இருவரின் ஓய்வு நாட்களும் சந்தித்துக்கொள்வதை விட்டுவிட்டன.

ஒருநாள் ரயிலில் நின்றபடி மணிக்கட்டைப் பார்த்தபோதுதான் மின்னலடித்தது. இந்த ஊரில் என் கடிகாரத்து நிலாவுக்கு என்ன வேலை? மேகத்துக்கு மேலே நிலா இருக்கிறதா என்றே யாருக்கும் கவலையில்லை. ஆனால் உலகத்தில் ஒரே ஒரு நாட்டில், லீவு என்றைக்கு என்று சொல்ல இந்தக் கடிகாரத்தால் மட்டும்தான் முடியும். அது என் நாடு.

அந்த ஆகஸ்டில் குடும்பத்தோடு புறப்பட்டேன்.

3

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். வருஷக்கணக்காக வாய்க்குள் கிடந்து துருப்பிடித்த என் சிங்களம், நிலாவில் தொடங்கி ஆங்கிலத்தில் போய் விழுந்தது. அவர் பெரியவரைக் கூப்பிட்டார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப, அடுத்த போயா எப்ப?" என்று என்னைச் சோதித்தார்.

எண்களைப் பார்த்துச் சொன்னேன். "நாளை மறுநாள்."

"நாளைக்கு" என்றார் அவர்.

அரசாங்க ஆட்களுக்கு வானசாஸ்திரம் தெரியாது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கடிகாரத்தை நாட்டில் விற்கக் கூடாது, திரும்பும்போது கொண்டுபோக வேண்டும் என்று கடவுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் முழுவதும் பயணக் களைப்பில் தூங்கினேன். யார் சொன்னது சரி என்று பார்க்கவில்லை.

4

நான் வந்த காரணம் என் தங்கை ஸாஹிரா. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அரசாங்கப் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தாள். வாப்பாவுக்கு மிளகு, சாதிக்காய் வியாபாரம். வீட்டில் குறைவில்லை. குறை என்று உம்மா கண்டது ஸாஹிராவின் மூக்குக் கண்ணாடியைத்தான். சோடாப் போத்தல் அடி மாதிரித் தடிப்பானது.

ஆகவே பெண் பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் உம்மா முதல் வேலையாக அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். கண்ணாடி இல்லாத ஸாஹிராவுக்குச் சுவருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு முறை சர்பத் தட்டை மாப்பிள்ளையின் தாயாருக்கு நீட்டுவதாக எண்ணி, தொப்பி வைத்திருந்த வெறுங் கதிரைக்கு நீட்டினாள். மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நானா" என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டாள் ஸாஹிரா, நான் வந்த மூன்றாம் நாள். "மூணு பேர் என்னைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. நான் ஒருத்தரயும் பாக்கல்ல."

நான் உம்மாவிடம் போய், இந்த முறை கண்ணாடியோடு இருக்கட்டுமே என்றேன்.

"லண்டன்ல அப்படித்தான் பொண்ணு காட்டுறாங்களா?" என்றார் உம்மா. "அங்க பொண்ணு பாக்கவே வாறதில்லன்னு ஜெஸீமா சொன்னாளே. நீ சும்மா இரி மகன். இந்த எடமும் போனா உன் வாப்பா தாங்கமாட்டார்."

அது உண்மை. வாப்பா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தரகர் வந்துபோன நாளிலிருந்து இரண்டு முறை கதிரைகளுக்கு வார்னிஷ் அடித்திருந்தார்.

மாப்பிள்ளை நஸீர் மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக். லீவு நாளில்தான் வர முடியும். வருகிற அரை நிலாப் போயாவுக்கு வருகிறோம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது எந்தக் கிழமை என்று பார்க்க வேண்டியது எங்கள் பாடு. பௌர்ணமி என்றால் பன்சலைக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, போகிறவர்களைப் பார்த்தே தெரிந்துவிடும். அரை நிலாப் போயா சத்தமில்லாமல் வந்துபோவது. தோட்டத்து வேலைக்கு அது ஒரு பொருட்டில்லை, பள்ளிக்கூடமும் தவணை லீவு. சுவரில் ஒரு காலண்டர் தொங்கியதுதான். ஏதோ கடையில் சும்மா கொடுத்தது. அதில் போயாவுக்கான சிவப்பு வட்டம் முன்னொருமுறை இடம் மாறி விழுந்து, அதை நம்பி வாப்பா காணி விஷயமாக அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கும் அந்தக் காலண்டருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"அந்த ஒரலோசுல பாரு மகன்" என்றார் வாப்பா.

நான் கையை வெளிச்சத்தில் நீட்டி, வீட்டார் எல்லாரும் பார்க்க, எண்களைக் கூட்டிப் பார்த்து அறிவித்தேன். "வியாழக்கிழமை."

ஸாஹிரா தலை நிமிர்ந்தாள். என் மணிக்கட்டைப் பார்த்தாள். "நல்ல மணிக்கூடு நானா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செவ்வாய் மாலை முற்றத்தில் நின்றோம். மேலே அரை நிலா. நிலுபா தமிழில் பேச முயற்சி செய்யும் நாள் அது. "மாமி, நிலா ஒடஞ்சிரிச்சு" என்றாள்.

"ஒடையல்ல மகள். இங்க ஒடஞ்ச நிலாவுக்கும் லீவு இரிக்கி" என்றாள் ஸாஹிரா. குசினியிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. என்ன என்று கேட்டேன். வட்டிலப்பம் அவிக்கிறாளாம், நிலுபாவுக்கு.

நான் வானத்தைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றது. வானத்துக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

5

புதன்கிழமை காலை வாப்பாவும் உம்மாவும் ஜெஸீமாவும் மறுநாளுக்கு வேண்டியதை வாங்க மாத்தளைக்கு பஸ் ஏறினார்கள். நான் சாரமும் பனியனுமாக விறாந்தையில் கிடந்தேன். முற்றத்தில் பாயை விரித்து ஸாஹிரா சாதிக்காயிலிருந்து வசுவாசியைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புத் தோலை நிலுபா விரலில் மோதிரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் ஒரு தொப்பிக்காரர் இறங்கினார். பிறகு ஓர் அம்மா. பிறகு, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் ஓர் ஆள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க மாத்தளையிலிரிந்து" என்றார் தொப்பிக்காரர். மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"வஅலைக்கும் ஸலாம்" என்று எழுந்து சாரத்தை இறுக்கினேன். "வீட்ல யாரும் இல்ல. நீங்க நாளைக்கித்தானே வாறதா இரிந்திச்சு?"

"போயாவுக்கின்னு தானே சொன்னோம்."

"ஓம். போயா நாளைக்கி."

மாமன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல மாமா, இன்னைக்கித்தான்" என்றார் நஸீர், மெதுவாக. "கந்தோர் பூட்டித்தான் இரிக்கி."

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. பனியனோடு படியிறங்கிப் போய் மணிக்கட்டை நீட்டினேன். "இது சுவிட்சர்லாந்துல செஞ்சது. பாருங்க, நிலா இன்னும் அரைக்கு வரல்ல."

மாமன் குனிந்து பார்த்தார். "தம்பி, நாட்டுக்கே இன்னைக்கி லீவு. உங்க கைக்கு மட்டும் வேலை நாளா?"

அந்த அம்மாவுக்கு முகம் இறுகிவிட்டது. "விருப்பமில்லாட்டித் தரகர்ட்ட சொல்லி அனுப்பியிரிக்கலாம். வாசல்ல நிப்பாட்டி வெச்சு நாள் கணக்குச் சொல்லத் தேவல்ல. நஸீர், கார்ல ஏறு."

அவர் திரும்பிவிட்டார். எனக்கு வார்னிஷ் அடித்த கதிரைகள் கண்ணில் வந்தன. வாப்பா பஸ்ஸில் இனிப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவதும் வந்தது. மணிக்கட்டை மட்டும் இன்னும் நீட்டியபடியே நின்றேன்.

ஸாஹிரா எழுந்தாள். கையைத் தட்டிவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, கண்ணாடியோடு நேராக வந்தாள்.

"மாமி, உள்ளுக்கு வாங்க, இரிங்க. நானா லண்டன்ல இரிந்து வந்தவர். அங்க நிலா கொஞ்சம் பிந்தித்தான் வரும்."

முதலில் சிரித்தவர் மாமன். பிறகு காரோட்டி. அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் காரின் கதவிலிருந்து கையை எடுத்தார்.

உட்கார்ந்தார்கள். ஸாஹிரா வட்டிலப்பமும் பிளேன்டீயும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பீங்கானும் போய்ச் சேர வேண்டிய கைக்கே போய்ச் சேர்ந்தது. பிறகு தூணருகே நின்று மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழாக, வரி வரியாக. தலையைக் குனிந்தவர் நஸீர்தான்.

"லீவு நாள்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"தூங்குவேன்" என்றார் அவர். பதறிப்போய், "மற்ற நாள்ல இல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

"அப்ப சரி" என்றாள் ஸாஹிரா. அந்த அம்மாவின் வாயோரம் அப்போதுதான் அசைந்தது.

அவர்கள் கார் புறப்படும்போது எங்கள் வீட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் மகளைக் கண்ணாடியோடு கண்ட உம்மா, "யா அல்லாஹ், இதப் போட்டுக்கிட்டா நின்ட நீ?" என்று பையோடு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

சம்மதம் என்று தரகர் மறுநாள் வந்து சொன்னார். அதாவது, என் மணிக்கட்டுக்குப் போயா நாளன்று.

6

பிழை எங்கே என்பது திரும்பும் விமானத்தில்தான் எனக்கு உறைத்தது. நமக்கு மாதம் பிறப்பது பிறையைக் கண்ட பிறகு. கடிகாரத்தில் நிலாவின் வயது தொடங்குவது அமாவாசை இருட்டில், யாரும் காணாதபோது. நிலா பிறந்து, கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகிறது. நான் பிறந்த நாளையும் பிறப்பைப் பதிந்த நாளையும் ஒன்றாக்கிவிட்டேன். அதனால்தான் என் கடிகாரம் பெருநாளுக்குச் சரி, போயாவுக்குப் பிழை.

சரிசெய்யலாம் என்று ஊசியை எடுத்தேன். எந்த நிலாவுக்குச் சரிசெய்வது? போயாவுக்குத் திருத்தினால் பெருநாளுக்கு ஒரு நாள் முந்திவிடும். எடுத்த ஊசி கையிலேயே இருந்தது. இதற்கிடையில் நாடு மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. உலகத்தில் என் கடிகாரத்துக்கென்று இருந்த ஒரே நாடும் கைவிட்டது. லண்டனில் பள்ளிவாசல்கள் பெருகி, ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் வருகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நிலுபாவுக்குத் தெரியும். எந்த நாளில் கணக்குப் பரீட்சை இருக்கிறதோ அந்த நாள்தான் அவளுக்குப் பெருநாள்.

ஆனாலும் ஓர் ஆறுதல் இருந்தது. நம்மூர்க்காரர் கூடும் விருந்துகளில் நான் இந்தக் கதையைச் சொல்வேன். என் கடிகாரம் ஒரு நாள் பிந்தியதால்தான் என் தங்கைக்கு வாழ்வு வந்தது என்று முடிப்பேன். யாராவது கடிகாரத்தைப் பார்க்கக் கேட்பார்கள். நானும் யோசிப்பது போல யோசித்துவிட்டுக் காட்டுவேன்.

7

சென்ற மாதம் நஸீர் ஏதோ பயிற்சிக்கென்று லண்டன் வந்தார். தலையில் கொஞ்சம் நரை. இங்கே குளிருக்கு என் பழைய கோட்டைக் கொடுத்தோம். அவருக்காகச் சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டிருந்தேன். சோறு முடியும் தறுவாயில் வழக்கம்போல் கதையைத் தொடங்கினேன். அவர் குனிந்து சாப்பிட்டபடி கேட்டார். முடித்ததும் தண்ணீர் குடித்தார்.

"மச்சான், அன்னைக்கி வட்டிலப்பம் எங்கிரிந்து வந்திச்சுன்னு நீங்க யோசிக்கவே இல்லயா?"

"அது நிலுபாவுக்கின்னு முந்தின நாள் அவிச்சது."

"எனக்கு வட்டிலப்பம் பிடிக்காதே டடி" என்றாள் நிலுபா, அதிசயமாகத் தமிழில்.

நான் ஜெஸீமாவைப் பார்த்தேன். அவள் கோப்பைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"அவ டீச்சர்" என்றார் நஸீர். "போயாவ எண்ணி எண்ணித்தானே அவங்க தவணையே போற. புதன்கிழமைன்னு அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீங்க மாமிக்கிட்ட சொல்லியிரிப்பீங்க. மாமி கண்ணாடியக் கழட்டியிரிப்பாங்க."

விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டுப் பீங்கானைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வருஷமாக நான் எத்தனை வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன் என்று நினைக்க முயன்று பாதியில் விட்டேன்.

"அப்படின்னா" என்றேன், "இந்த மணிக்கூட்டால ஒரு பிரயோசனமும் இல்லையா?"

நஸீர் நல்ல மனிதர். என் மனம் நோகக்கூடாது என்று என் கையை மெல்லப் பிடித்து, விளக்கின் பக்கம் திருப்பி, அந்த நீல வானத்தை அக்கறையாகப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லக் கூடாது மச்சான்" என்றார். "நேரமாச்சும் சரியாக் காட்டுமா?"